இடது கால் மட்டும் வீங்குகிறதா?

செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் நம் மளிகைக்கடை அன்பர்கள் நாள் முழுதும் நின்றே வியாபாரம் பார்ப்பவர்கள். மாலையில் இரு பாதங்களும் லேசாக வீங்கி, படுத்தெழுந்தால் வடிந்துவிடுவது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் ஒரு கால், அதிலும் இடது கால் மட்டும் தொடைவரை வீங்கிக் கனத்தால், 'நின்றதால் வந்தது' என்று நாள் கடத்தக்கூடாது.

அடிவயிற்றில், வலது காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி, இடது காலிலிருந்து ரத்தம் திரும்பும் சிரையின்மேல் குறுக்கே போகிறது. சிலருக்கு அது சிரையை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கிவிடும். 1957-ல் மே, தர்னர் என்ற மருத்துவர்கள் இதை விளக்கினர். தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள்!

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடனே காட்டுங்கள். டாப்ளர் ஸ்கேன் காலில் உள்ள உறைகட்டியைக் காட்டும். வயிற்றுக்குள் உள்ள நெருக்கத்துக்குச் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். ரத்தம் உறையாதிருக்க மருந்து, சிலருக்குச் சிரைக்குள் ஸ்டென்ட். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் கல்லாவைப் பூட்டக்கூட நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.