கைவினைக்கு உரிய விலை



பெங்களூரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே, வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கேட்பவர் பெயரைப் பூத்தையலால் பொறித்துத் துணிப்பைகள் செய்யும் சகோதரி ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். முன்னர் அண்டை வீட்டாரே அவருடைய வாடிக்கையாளர். இன்றோ இணையச் சந்தையின் வாயில் அவருக்குத் திறந்திருக்கிறது. கைவினைப் பொருள்களுக்கென்றே அமெரிக்காவில் 2005-இல் 'எட்சி' தோன்றியது. பெங்களூரில் 2007-இல் தொடங்கப்பெற்ற ஃபிளிப்கார்ட் நிறுவனமும் கைவினைஞரை முன்னிட்டு 2019-இல் 'சமர்த்' என்னும் திட்டத்தை வகுத்தது.

வாயில் திறந்திருப்பது நன்றே. ஆயினும் உள்ளே நுழையுமுன் கணக்குப் பார்த்தல் இன்றியமையாதது.

இணையச் சந்தை பொதுவாக நம் பொருளைத் தானே விலைக்கு வாங்குவதில்லை. வாங்குவோரையும் விற்போரையும் கூட்டிவைத்து, விற்ற தொகையில் ஒரு பங்கைத் தரகாகக் கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பைக்குத் துணியும் நூலும் 170 ரூபாய்; கட்டும் செலவு 15 ரூபாய்; மூன்று மணி நேர உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாயாக 240 ரூபாய். ஆக, அடக்கம் 425 ரூபாய். சகோதரி 450 ரூபாய் என விலை குறித்து, 25 ரூபாய் ஆதாயம் என மகிழ்கிறார். தரகு நூற்றுக்கு 15 எனக் கொண்டால், 67 ரூபாய் 50 காசு கழிந்துவிடும். கைக்கு வருவது 382 ரூபாய் 50 காசே. ஆதாயம் இல்லை என்பதோடு, கூலியிலும் 42 ரூபாய் 50 காசு குறைகிறது! 500 ரூபாய்க்கு விற்றால்தான் அடக்கமேனும் தேறும். அஞ்சற் செலவு அவர் பொறுப்பாயின் அதனையும் கூட்டவேண்டும். தம் உழைப்பைக் கணக்கில் எழுதாதவர், தம்மை அறியாமலே அதனைத் தானமாக வழங்குகிறார்.

பெயர் பொறித்த பொருள் திரும்பி வந்தால் பிறர்க்கு விற்க இயலாது. ஆகவே எழுத்து, நிறம், அளவு ஆகியவற்றை வாங்குபவரிடம் எழுத்து மூலம் உறுதி பெற்ற பின்னரே ஊசியை எடுக்கவேண்டும். அத்தகைய பொருளைத் திருப்புவது பற்றிச் சந்தையின் விதி யாது என்பதையும் முன்னரே படித்தறிதல் நலம்.

பிற மாநிலத்தில் வாழும் நம்மவர் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இணையச் சந்தையில் பொருள் விற்போர் யாவரும் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெறவேண்டும் என்றிருந்த விதி, 2023 அக்டோபர் 1 முதல் தளர்ந்தது. கருநாடகத்தில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு விற்பனையாளர், பான் எண்ணைக் கொண்டு வரித்துறையின் இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, அம்மாநிலத்துக்குள் பதிவின்றியே விற்கலாம். ஆனால் இச்சலுகை மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. லிங்கராஜபுரத்துப் பை சந்தையின் வழியே அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குச் செல்லவேண்டுமாயின் பதிவு தேவை. சொந்த ஊரில் உள்ளோரே நம் முதல் வாடிக்கையாளர் என எண்ணுவோர் இதனை மறவாதிருப்பாராக.

விரல்களின் திறமை ஒரு செல்வம். அதற்குரிய விலையை முதலில் நாமே மதித்துக் குறிப்போம். உலகம் பின்னர் மதிக்கும்.