டயாலிசிஸ் அரிப்பும் முழங்கைப் புள்ளியும்

தடிப்போ சொறியோ கண்ணில் படாது. ஆனாலும் உடம்பு நமநமவென்று அரிக்கும். முதுகில் அதிகம்; இரவானால் இன்னும் மோசம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நாலு பேர் இந்த அவஸ்தையில் இருக்கிறார்கள். தூக்கம் போகிறது, சொறிந்த இடம் புண்ணாகிறது, மனம் சோர்ந்துவிடுகிறது.

இதைவிட வேதனை, பலர் வாய் திறப்பதில்லை என்பது. பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், ஓயாத அரிப்பால் தவித்தவர்களிலேயே 17 சதவீதம் பேர் மருத்துவமனையில் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. எடை, ரத்த அழுத்தம் என்று பேச்சு ஓடும்போது, ‘அரிக்குது’ என்பது சொல்லத் தகாத சின்ன விஷயமாகத் தோன்றிவிடுகிறது போலும்.

இயந்திரத்தால் முழுதாக வெளியேற்ற முடியாத கழிவுகள், ஏறிப்போன பாஸ்பரஸ், வறண்ட தோல், நரம்புகளில் ஏற்படும் மாற்றம் எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. சாதாரண அலர்ஜி மாத்திரை பலருக்குக் கேட்காததும் இதனால்தான்.

அதனால் வேறு வழிகளையும் தேடிப் பார்க்கிறார்கள். மக்கள்தொகை விகிதத்தில் டயாலிசிஸ் நோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று தைவான். அங்கே 40 நோயாளிகளிடம் நடந்த அக்குபங்சர் ஆய்வு 2005இல் வெளியானது. முழங்கையை மடக்கினால் மடிப்புக்கோடு வெளிப்பக்கமாக முடியும் இடத்தைச் சீன மருத்துவம் ‘ச்சூச்சி’ என்கிறது. வளைவில் உள்ள குளம் என்று பொருள். பாதிப் பேருக்கு அந்த இடத்திலும், மற்றவர்களுக்கு 2 செ.மீ. தள்ளியும் வாரம் 3 முறை ஊசி குத்தினார்கள். ஒரு மாதத்தில் முதல் குழுவின் அரிப்பு மதிப்பெண் 38இலிருந்து 17ஆக இறங்கியது. மற்ற குழுவில் பெரிய மாற்றமில்லை.

ஊசிக்குப் பதில் விரலால் அழுத்துவதே அக்குபிரஷர். காதுமடலில் சிறு விதைகளை ஒட்டி அழுத்தும் முறையும் உண்டு. இவற்றிலும் அரிப்பு குறைந்ததாக ஆய்வுகள் வந்துள்ளன. ஆனால் எல்லாம் சிறிய ஆய்வுகள். கனிவாக ஒருவர் தொட்டு அழுத்துவதே தரும் ஆறுதலைத் தனியே பிரித்துப் பார்ப்பதும் கடினம். எனவே மருந்தோடு சேர்ந்த துணையாக மட்டும் இதைக் கொள்ளலாம். மருந்துக்கு மாற்றாக அல்ல.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையை அழுத்தவே கூடாது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஏற்றப்படுவதால் லேசான அழுத்தத்திலும் ரத்தம் கன்றலாம். மென்மையாகச் சில நிமிடங்கள் போதும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு தவறாமல் போடுவதும், குளித்த ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுவதும் இதற்கு முன்பே நடக்க வேண்டியவை. அவற்றுக்கும் அரிப்பு அடங்காவிட்டால் குறைந்த அளவில் கபாபென்டின் என்ற நரம்பு மருந்தைத் தருகிறார்கள். இந்த அரிப்புக்கென்றே உருவான டிஃபெலிகெஃபாலின் ஊசிக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி தந்தது.