பூப்பதற்கு முன்பே பிடுங்கு

மைசூரில் பருவமழை இறங்கிய சில வாரங்களில், மனைக்கற்கள் நட்டுக் காலியாகக் கிடக்கும் லேஅவுட்டுகள் வெள்ளை பூத்துவிடுகின்றன. கன்னடத்தில் அந்தச் செடிக்குப் பெயர் 'காங்கிரஸ் கிட'. கிட என்றால் செடி. பூங்கொத்து கதர்த் தொப்பி போல் இருப்பதால் வந்த பெயர் என்கிறார்கள். கட்சி மீது பழியில்லை. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. இந்தியாவில் 1955-ல் புனேயில் கண்ணில் பட்டது; இறக்குமதிக் கோதுமையோடு வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து.

நகரத்துக்கு இது அரிப்பும் மூச்சிரைப்பும். கிராமத்துக்கு நஷ்டம். மேய்ச்சல் நிலத்தில் மாடு இதை ஒதுக்கிவிட்டுப் புல்லை மட்டும் மேய்வதால், புல் குறைந்து செடி பெருகுகிறது. தீவனத்தோடு கலந்து உள்ளே போனால் பால் கசக்கிறது.

மக்காச்சோளம் மட்டும் போட்டவருக்கு அட்ரசின் போன்ற களைக்கொல்லி உண்டு. மைசூர்ப் பக்கத்து மானாவாரிக் கேழ்வரகில்தான் சிக்கல். கேழ்வரகுக்கு நடுவே மொச்சையும் துவரையும் சால் விட்டு விதைப்பது இங்கே பழைய வழக்கம். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி தெளித்தால் கேழ்வரகு பிழைக்கும், மொச்சை கருகும். வீட்டுக் குழம்பைப் பலி கொடுக்க யார் சம்மதிப்பார்கள்? ஆக, மிஞ்சுவது கை. அது பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்ணின் கை. உறையில்லாமல் பிடுங்கினால் தோல் தடித்து வெடிக்கிறது.

வேறு வழி தேடாமலில்லை. மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட 'சைகோகிராம்மா' வண்டு 1984-ல் பெங்களூரில் விடப்பட்டது. வண்டும் புழுவும் இலையை அரித்துத் தின்று பூக்கவிடாமல் செய்தன. பிறகு சூரியகாந்தியில் வண்டைக் கண்டதாகக் கூக்குரல். சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சூரியகாந்தி இலைமேல் படிந்த பார்த்தீனிய மகரந்தமே வண்டை இழுத்தது என்று ஆய்வு சொன்னது. வண்டு இன்றும் இருக்கிறது. ஆனால் கோடையில் மண்ணுக்குள் தூங்கி, மழைக்குப் பின்தான் எழுகிறது. செடி முந்திக்கொள்கிறது.

தார்வாட் வேளாண் விஞ்ஞானிகள் காசியா வகைச் செடியை விதைத்துப் பார்த்தீனியத்தை நெருக்கி ஒடுக்கினார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற நெல் விஞ்ஞானி எம். மகாதேவப்பா, மைசூரில் வாழ்ந்து 2021-ல் மறைந்தவர். சாலையோரத்துக்கு நல்ல யோசனை, வயலுக்கு உதவாது.

கணக்கு எளிது. ஒரு செடி பல ஆயிரம் விதை தரும். முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கக்கூடும். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கையில், உறை போட்ட கையால் வேரோடு பிடுங்கினால் உரக்குழியில் மட்கவைத்து எருவாக்கலாம். பூத்தபின் பிடுங்கி வரப்பில் எறிவது விதைப்பதற்குச் சமம். பயிரில்லாத மனைகளில் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளித்தாலே கருகும். வயலில் இதைச் செய்துவிடாதீர்கள், மண் கெடும்.

கேழ்வரகுக்காரர் தன் பங்கைச் செய்துவிடுகிறார். வேலிக்கு அப்பால் மனை வாங்கிப் போட்டவர் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார். அவருடைய செடி பூத்து, விதை காற்றிலும் மழைநீரிலும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.