கல்லுப்பில் ஒரு தெப்பக்குளம்

உப்பு ஜாடியிலிருந்து நாலு கல்லை எடுத்துக் கறுப்புத் துணிமேல் பரப்பி, மேக்ரோ லென்ஸ் வழியாகப் பாருங்கள். பொருளின் பிம்பத்தை அதன் நிஜ அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழவைக்கும் லென்ஸ் அது. சில கற்களில் சதுரம் சதுரமாக உள்ளே இறங்கும் படிகள் தெரியும், அசல் தெப்பக்குளம்!

சோடியமும் குளோரினும் மாறிமாறிக் கனசதுர வரிசையில் அமைந்திருப்பதால்தான் உப்புக்கு இந்தச் சதுர வாகு. படிகம் வேகமாக வளரும்போது விளிம்புகள் முந்திக்கொள்ளும், நடுப்பகுதி பின்தங்கும். அந்த இடைவெளிதான் படிக்கட்டு. பொடியுப்பில் இந்தச் சுகம் கிடைக்காது.

நெருங்கிப் பார்த்தால் எல்லாமே அழகு என்றும் சொல்வதற்கில்லை. 1665இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ நூலில், நுண்ணோக்கி வழியே கண்ட ஊசிமுனையை ராபர்ட் ஹூக் வரைந்து காட்டினார். ஒரே மழுங்கல், மேடுபள்ளம். அச்சிட்ட முற்றுப்புள்ளியோ வெறும் மைத்தீற்றல்!

உப்புக்கல்லை இவ்வளவு நெருக்கத்தில் படமெடுத்தால் அதன் மிக மெல்லிய பகுதி மட்டுமே தெளிவாக விழும். அதனால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்குகிறார்கள். மேக்ரோ லென்ஸ் இல்லையா? சாதாரண லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம் மலிவாகவே கிடைக்கிறது. வெளிச்சம் மட்டும் பக்கவாட்டிலிருந்து வரட்டும்.