காணாமல் போன இரண்டு பற்கள்

முண்டக்கயத்தில் இருந்து குட்டிக்கானம் ஏறும் சாலையில் முன்னால் ஒரு பழைய ஜீப் போனால், புகையைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். எஞ்சின் எந்த வகை என்பது மட்டும் பானெட்டைத் திறந்தால்தான் தெரியும். பீர்மேடு, ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் பாதைகளில் பெட்ரோல் ஜீப்புக்குள் டீசல் எஞ்சின் குடியேறியது பழைய கதை. செயின் பிளாக், வெல்டிங் செட், கைதேர்ந்த மிஸ்திரி, இவ்வளவு இருந்தால் வேலை நடந்துவிடும்.

அந்த ஒர்க்‌ஷாப்புகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று கைபேசியில் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கிறார்கள். 'ஜீப்புக்குச் செய்வதை அந்தக் காருக்கும் செய்தால் என்ன?' என்ற கேள்வி எழுவது இயல்பு. இரும்பு வேலை வரைக்கும் தாராளமாகச் செய்யலாம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 'இரண்டே நாளில் எஞ்சின் மாற்றினோம்' என்று முழங்கும் வீடியோக்கள் வெட்டி எறிவது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான்.

ஜீப்பில் ஏன் எளிது? பழைய டீசல் எஞ்சினின் பம்பு, கிராங்க் தண்டோடு பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்டது. மிஸ்திரி ஒருமுறை குறியோடு குறி பொருத்தி 'பம்பு டைமிங்' வைத்துவிட்டால், எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் என்பது இரும்பிலேயே எழுதப்பட்டுவிடும். ஸ்டார்ட்டருக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் மின்சாரம் போதும். நிறுத்துவதற்கு ஒரு கேபிள். அந்த எளிமைக்கு விலையும் உண்டு. கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீர்மேட்டில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பம்புக்கு அது தெரியாது; கோட்டயத்தில் ஊற்றிய அளவையே இங்கும் ஊற்றும். மிச்சம் கரும்புகையாகப் பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். முதல் முறையாக எஞ்சின் மாற்றுவோர் உலகெங்கும் விரும்பிக் கைவைக்கும் வண்டி நிசானின் எஸ்13. அமெரிக்காவில் இது 240எஸ்எக்ஸ் என்ற பெயரில் 2.4 லிட்டர் எஞ்சினோடு விற்றது. ஜப்பானில் அதே உடல் சில்வியா ஆனது. 1991 முதல் எஸ்ஆர்20டிஇடி என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சினோடு 205 குதிரைத்திறன் தந்தது. தொழிற்சாலையே இந்த உடலில் இந்த எஞ்சினைப் பூட்டியிருப்பதால் மவுண்டிங், கியர்பாக்ஸ், ஆயில் சம்ப் எல்லாம் பெரிய வம்பில்லாமல் உட்காரும். முதல் முயற்சிக்கு இது நல்ல தேர்வு என்று சொல்வதற்குக் காரணம் குதிரைத்திறன் அல்ல, இந்தப் பொருத்தம்தான்.

எல்லாவற்றையும் பூட்டியாயிற்று, சாவியைத் திருப்பியாயிற்று. எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

இசியு என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. கிராங்க் தண்டில் மாட்டிய ஒரு பல்சக்கரமும், அதன் அருகே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் ஒரு சென்சாரும்தான் அதற்குக் காது. பரவலாகப் புழங்கும் ஒரு சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் இருக்கும். ஆனால் 58 பற்களே இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பற்களை வேண்டுமென்றே வெட்டி எடுத்திருப்பார்கள். பற்கள் எல்லாம் ஒரே மாதிரி. எது முதலாவது என்று எந்தப் பல்லும் சொல்லாது. சொல்வது அந்தப் பொக்கை வாய்தான்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 5 மில்லிசெகண்டு. பொக்கை வரும் இடத்தில் 15. வேகம் 6,000 ஆனால் பல்லுக்குப் பல் ஆறில் ஒரு மில்லிசெகண்டு. பொக்கையில் அரை மில்லிசெகண்டு. நேரம் முப்பது மடங்கு சுருங்கியும் விகிதம் அப்படியே இருக்கிறது: மூன்றுக்கு ஒன்று. எத்தனை மில்லிசெகண்டு என்பதை இசியு பொருட்படுத்துவதில்லை. இந்த இடைவெளி போன இடைவெளியைப் போல எத்தனை மடங்கு என்று மட்டும் கேட்கிறது. இவ்வளவு பெரிய சிக்கலுக்கு இவ்வளவு சிறிய விடையா என்று வியக்காமல் இருக்க முடியாது.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஆதி தாளம் போடுவதைக் கேளுங்கள். ஒரு தட்டு, பிறகு மூன்று விரல் எண்ணிக்கை, ஓசை இல்லை. மீண்டும் தட்டு, ஓசையற்ற வீச்சு, தட்டு, வீச்சு. காதுக்குக் கேட்பவை மூன்று தட்டுகள், மூன்றும் ஒரே ஓசை. ஆனால் ஒரு தட்டுக்குப் பின் மட்டும் மௌனம் நீள்கிறது. அந்த நீண்ட மௌனத்தை வைத்தே சமம், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டு, எங்கே என்று பிடித்துவிடலாம். விளம்பமோ துரிதமோ, நான்கு-இரண்டு-இரண்டு மாறாது.

இந்த உவமை இன்னும் தாங்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு சுழற்சி முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். இரண்டு ஆவர்த்தனம் நீளும் பல்லவி வரி போல. கையை மட்டும் பார்த்தால் இது முதல் ஆவர்த்தனமா இரண்டாவதா என்று தெரியாது. சாகித்தியத்தைக் கேட்க வேண்டும். எஞ்சினில் சாகித்தியம், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு. அது கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே இருக்கும் இன்னொரு சென்சார் 'இது அமுக்கும் சுற்று, அது புகை தள்ளும் சுற்று' என்று பிரித்துச் சொல்லிவிடும். ஸ்பார்க் என்பது எடுப்பு, பாட்டு தொடங்கும் இடம்; பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே, சமத்துக்கு முன்னால் விழ வேண்டும். ஏனென்றால் நெருப்பு பரவ நேரம் வேண்டும், பிஸ்டனோ காத்திருக்காது. வேகம் கூடக் கூட எடுப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பாடகர் அப்படிச் செய்தால் சபை முகம் சுளிக்கும். எஞ்சின் அப்படிச் செய்யாவிட்டால் ஒழுங்காக ஓடாது.

எஸ்ஆர்20 எஞ்சினில் நிசான் இன்னொரு வழியை எடுத்தது. கேம் தண்டின் முனையில் ஒரு மெல்லிய உலோகத் தட்டு; அதன் விளிம்பில் 360 நுண் துளைகள், உள்ளே நான்கு பெரிய துளைகள். ஒரு பக்கம் ஒளி, மறு பக்கம் ஒளியுணரி. நான்கில் ஒரு துளை மட்டும் மற்றவற்றைவிட அகலம். அதுதான் முதல் சிலிண்டரின் அடையாளம். கிராங்கும் கேமும் தனித்தனியே சொல்ல வேண்டியதை ஒரே தட்டு சொல்லிவிடுகிறது. அழகான வேலை. ஆனால் இந்தத் தாளத்தைப் படிக்கத் தெரியாத இசியுவை வாங்கிப் பூட்டினால் எஞ்சின் ஊமைதான். 'பிளக் அண்ட் பிளே' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

சென்சாருக்கு இரண்டே வயர்கள் வரும் காந்தச் சுருள் வகையில் இன்னொரு கண்ணி உண்டு. அந்த இரண்டு வயர்களும் இடம் மாறிவிட்டால் வண்டி சில சமயம் ஓடவே செய்யும். ஆனால் இசியு பல்லின் தப்பான விளிம்பில் கணக்கை வைப்பதால், வேகம் ஏற ஏற ஸ்பார்க் டைமிங் நழுவும். 60-க்குப் பிரித்த சக்கரத்தில் ஒரு பல் தள்ளிக் கணக்கு வைத்தால் பிழை 6 டிகிரி. டர்போ எஞ்சினில் அந்த 6 டிகிரி, சிலிண்டருக்குள் நெருப்பு தறிகெட்டு வெடிக்கும் 'தட்டலை' பிஸ்டனைச் சேதப்படுத்தும் அளவுக்கு வரவழைக்கலாம்.

இடையில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் ஜப்பானிய எஞ்சினை அந்நிய உடலுக்குள் வைத்ததில் பெரிய நிறுவனங்களும் முன்னோடிகள். பிரிட்டிஷ் வாக்ஸால் உடலில் பிறந்த கான்டெஸா கார், அம்பாஸடரின் சுமார் 50 குதிரைத்திறன் எஞ்சினோடு 1984-இல் வந்து திணறியது. பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினால் பெயர் வாங்கியது. பிரீமியர் 118என்இ-யில் ஃபியட் உடலுக்குள் நிசான் எஞ்சின். இரண்டும் கார்புரேட்டர் காலம். காணாமல் போன பற்களைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

இன்று அந்தக் கவலை உண்டு. ஆகவே முதல் முறை திட்டமிடுகிறவர் எஞ்சினை மட்டும் தனியே வாங்கக் கூடாது. மலேசியாவில் 'ஹாஃப் கட்' என்று விற்பார்கள்: காரின் முன்பாதி முழுவதும், எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், இசியு, சென்சார்கள் சேர்த்து. விலை அதிகம்தான், ஆனால் காதும் மூளையும் பிரியாமல் வருகின்றன. பூட்டிய பிறகு இசியுவில் டைமிங்கை ஓர் அளவில் பூட்டிவைத்து, எஸ்ஆர்20 என்றால் 15 டிகிரி, டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துப் பார்க்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணும் புல்லியில் தெரியும் குறியும் ஒன்றாகும் வரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே கூடாது.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு அலுவலகத்தின் ஒப்புதலோடு அதே நிறுவனத்தின் அதே ரக எஞ்சினை மாற்ற இடம் தருகிறது. வேறு ரகத்துக்குப் பொதுவாக அந்த இடம் இல்லை. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டுமல்ல, எஸ்டேட் ஜீப்புக்கும் பொருந்தும். பீர்மேட்டுக்காரர்கள் ஒப்புதலைப் பற்றிக் கேட்கத் தொலைவு போக வேண்டியதில்லை. கேஎல் 37 என்ற பதிவெண்ணைத் தரும் அலுவலகம் வண்டிப்பெரியாறில்தான் இருக்கிறது. எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.