பட்டி மறைத்த துரு: காந்தம் காட்டிக்கொடுக்கும்!

பழைய கார் சாமான்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையில் நுழைந்தாலே "டக், டக்" என்று டிங்கர் சுத்தியல் சத்தம்தான்.

2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசிடரை வாங்கி, "நாமே டிங்கரிங் பார்த்துக்கலாம்" என்று இறங்குகிறவர்கள் உண்டு. செலவு மிச்சம்தான். ஆனால் உஷார்!

துரு தின்ற ஓட்டையில் பட்டியை அப்பி பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால் பல்லை இளிக்கும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பக்கம், மட்கார்டு விளிம்பு என்று தண்ணி தேங்கும் இடங்களில் வைத்துப் பாருங்கள். தகடு என்றால் 'கப்'பென்று பிடிக்கும். தடிமனான பட்டி என்றால் நழுவும்.

அந்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். அதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வையுங்கள். "காலி டேங்க்தானே" என்று விட்டால் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவிதான் 'டமார்' என்று வெடிப்பது!