கால் ஓயட்டும், மூச்சு ஓய வேண்டாம்

2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதற்காக ஓடிப் பழகும் ஒருவருக்கு நவம்பரில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. "6 வாரம் ஓடக் கூடாது" என்கிறார் டாக்டர். இத்தனை நாள் பயிற்சியும் வீணா? இல்லை.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் 2, 3 மடங்கு பளு காலில் இறங்குகிறது. ஓய்வு கேட்பது எலும்புதான், இருதயம் அல்ல. சும்மா இருந்தால் சில வாரங்களிலேயே மூச்சுத் திறன் குறையத் தொடங்கிவிடும்.

ஜிம்மில் உள்ள நிலை சைக்கிளில் பாதம் தரையில் மோதுவதில்லை. எலிப்டிகல் இயந்திரத்தில் பாதம் மிதிபலகையை விட்டு எழுவதே இல்லை. டாக்டர் அனுமதித்தால், வலிக்காத ஒன்றில், வழக்கமாக ஓடும் நேரத்தைச் செலவிடலாம். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். டிரெட்மில்லில் ஓடுவது இதில் சேராது, அதுவும் ஓட்டமே.

ஓர் எச்சரிக்கை. இயந்திரம் மூச்சைக் காக்கும், எலும்பைப் பழக்காது. 6 வாரம் கழித்து மூச்சு 'ஓடு' என்று சொல்லும். எலும்போ அடி தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். மூச்சை நம்பி ஓடினால் பழைய வலி திரும்பும். ஆகவே, முதலில் வலியில்லாமல் நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை என்று தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இந்த ஜனவரி தவறினாலும் அடுத்த ஜனவரி வரும்.